கென் ரஸ்ஸல் படத்துல வர்ற அடிபட்ட கால் யாரோடது?

டாப் ஷாட்:
மேட்னி ஷோ நேத்து எழுதியிருந்தாரு, 'தி பாய் ஃபிரண்ட்' (1971) படத்துல கென் ரஸ்ஸல் புதுசா ஒண்ணும் பண்ணல, சாண்டி வில்சன் நாடகத்தை அப்படியே எடுத்து வச்சிட்டாரு, ஹீரோயினுக்கு கால்ல அடிபட்டு வேற பொண்ணு மேடை ஏறுறதுகூட நாடகத்துலயே இருக்குன்னு. எப்படிங்க இவ்ளோ தைரியமா எழுதுறீங்க? 1953ல லண்டன்ல வந்த நாடகம் அது, 1920கள்ல வந்த மியூசிக்கல்களை செல்லமா சீண்டுற கதை, நீஸ் பக்கத்துல ஒரு பொண்ணுங்க பள்ளிக்கூடம், பணக்கார வீட்டு பாலி, மெசஞ்சர் பையனா வர்ற டோனி, அவ்ளோதான் கதை. படத்துல ஒரு குழு அந்த நாடகத்தை மேடையில போடுது, மேடைக்குப் பின்னாடி நடக்குறது எல்லாமே ரஸ்ஸல் சேர்த்தது. அந்த கால் 1933ல வந்த 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்'ல இருந்து வந்த கால். அதுல ஸ்டாரா வர்ற பெப் டேனியல்ஸ் ஃபிலடெல்ஃபியாவுல முதல் ஷோவுக்கு முந்தின ராத்திரி குடிச்சிட்டு தகராறு பண்ணி கணுக்காலை உடைச்சுக்குவாங்க, கோரஸ்ல ஆடிட்டு இருந்த ரூபி கீலர் ஹீரோயின் ஆவாங்க. நாடகத்துல கால் இல்ல. இல்லவே இல்ல.

மேட்னி ஷோ:
வந்துட்டாருய்யா வாத்தியாரு. நான் எழுதுனது கதையோட உயிரைப் பத்தி, நீங்க காலைப் புடிச்சுட்டு தொங்குறீங்க. பாட்டுல பெரும்பாலும் சாண்டி வில்சனோடது, கேரக்டர் பேரு எல்லாம் அவரோடது, அப்புறம் யாரு படம் அது? அப்படியே கால் வெளிய இருந்து வந்ததுன்னு வச்சுக்கிட்டாலும், பஸ்பி பெர்க்லி டைரக்ட் பண்ண ஒரு படத்துல இருந்துதான் வந்திருக்கணும்னு என்ன கட்டாயம்?

டாப் ஷாட்:
'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' டைரக்டர் லாயிட் பேக்கன். பெர்க்லி டான்ஸ் மட்டும்தான் பார்த்தாரு. இதுகூட தெரியாம கதையோட உயிரைப் பத்தி பேச வந்துட்டீங்க. போன மாசம் டாப் டான்ஸ் பத்தி பேசுனப்பவும் இதே மாதிரிதான் பாதி தெரிஞ்சுட்டு வந்து சண்டை போட்டீங்க, நான் மறக்கல.

ரீல் பெட்டி:
டாப் ஷாட் அண்ணே, ஒரு விஷயம். நடிக்க மாட்டேன்னு ஸ்டார் விலகி, வேற பொண்ணு மேடை ஏறுறது 1929லயே 'ஆன் வித் தி ஷோ'ல வந்தாச்சு. அந்தப் படமும் ஒரே ஒரு ஷோ நடக்குற நேரத்துல முன்னாடியும் பின்னாடியும் மாறி மாறி போகும், 'தி பாய் ஃபிரண்ட்'டும் ஆள் வராத ஒரு பகல் காட்சிக்குள்ளதான் நடக்குது. அப்போ கட்டமைப்பு எதுக்கு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

டாப் ஷாட்:
தம்பி, 'ஆன் வித் தி ஷோ'ல அந்தம்மா சம்பளப் பாக்கி குடுக்கலன்னு மேடை ஏற மாட்டேன்னு நின்னாங்க. அது சம்பளப் பிரச்சனை. கால் எங்க? எனக்கு காலைக் காட்டுங்க, நான் கேட்கிறேன். க்ளெண்டா ஜாக்சன் டைட்டில்ல பேர்கூட போடாம ஸ்டார் ரீட்டாவா வர்றாங்க, கால்ல அடியோட வர்றாங்க, சம்பளம் கேட்டு வரல. மேனேஜரா வர்ற மேக்ஸ் ஏட்ரியன், ரீட்டாவுக்குப் பதிலா ஆட வேண்டிய ட்விக்கியைத் தள்ளி விடுறதைப் பாருங்க, 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்'ல டைரக்டரா வர்ற வார்னர் பேக்ஸ்டர் ரூபி கீலரை தோளைப் புடிச்சு உலுக்கி, நீ போகும்போது சின்னப்பொண்ணு திரும்பி வரும்போது ஸ்டாரா வரணும்னு சொல்லி அனுப்புவாரே, அந்த வாசனை இல்லாம அந்த சீனே இல்ல.

தூத்துக்குடி தென்றல்:
ரெண்டு பேரும் காலை விட்டுட்டு படத்தைப் பாருங்கப்பா. எனக்கு அந்தப் படத்துல புடிச்சதே மேடையில நிக்கிற கூட்டம்தான், ஹாலிவுட் டைரக்டர் டி த்ரில் பாக்ஸ்ல வந்து உக்காந்துட்டாருன்னு தெரிஞ்ச உடனே ஒவ்வொருத்தரும் ஜோடியைப் பார்த்துப் பாடுறதை விட்டுட்டு மூஞ்சியை பாக்ஸ் பக்கம் திருப்பிக்கிட்டே பல்லைக் காட்டுவாங்க, ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுட்டு முன்னாடி வருவாங்க, நடுவுல பயத்துல நடுங்குற ட்விக்கி. டி த்ரில் மனசுல அதே பாட்டு பெரிய கிராமஃபோன் தட்டு சுத்துற கனவா விரியும், ஆள் இல்லாத தியேட்டர்லகூட கனவு மட்டும் எம்ஜிஎம் ஸ்டூடியோ சைஸ். அதைப் பேசுங்க.

மேட்னி ஷோ:
அக்கா சரியா சொன்னீங்க. ஆனா ட்விக்கி நடிகையே இல்ல, மாடல். ஆடவும் தெரியாது.

தூத்துக்குடி தென்றல்:
ஆடத் தெரியாதவங்களுக்குத்தான் கோல்டன் குளோப் ரெண்டு குடுத்தாங்களா? சிறந்த நடிகை ஒண்ணு, புதுமுகம் ஒண்ணு. 1983ல பிராட்வேல டாமி ட்யூன் கூட 'மை ஒன் அண்ட் ஒன்லி' ஆடுனது யாரு? இந்த மாடல்தான். பொண்ணு ஒல்லியா அழகா இருந்தா நடிக்கத் தெரியாதுன்னு ஒரு முடிவு உங்களுக்கு எப்பவுமே உண்டு.

மேட்னி ஷோ:
அவார்டு குடுத்தா பெரிய நடிகையா? நான் பார்த்த வரைக்கும் படம் வேகமா முடிஞ்சுது, அவங்க முகத்துல ஒரே பாவம்தான்.

டாப் ஷாட்:
வேகமா முடிஞ்சுதா? அப்போ நீங்க பார்த்தது வெட்டுன பிரிண்ட். அமெரிக்காவுல எம்ஜிஎம் ஏறக்குறைய 25 நிமிஷம் வெட்டித்தான் விட்டாங்க. அரைகுறையா பார்த்துட்டு முழுசா தீர்ப்பு சொல்றீங்க. அந்த எம்ஜிஎம்தான் சாண்டி வில்சன் எழுதாத 'ஆல் ஐ டூ இஸ் ட்ரீம் ஆஃப் யூ', 'யூ ஆர் மை லக்கி ஸ்டார்' ரெண்டு பாட்டையும் உள்ள வர வச்சது, ரெண்டும் 1930கள் எம்ஜிஎம் படப் பாட்டு, ஆர்தர் ஃப்ரீட், நேசியோ ஹெர்ப் பிரவுன் எழுதுனது. நாடகத்தை அப்படியே எடுத்தாருன்னா இந்தப் பாட்டு எந்த வழியா வந்துச்சு? பாட்டு வந்த வழியிலதான் காலும் வந்துச்சு. பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் இசைக்கோர்வைக்கு ஆஸ்கர் நாமினேஷன் வந்தது அந்தக் கலவைக்குத்தான்.

ரீல் பெட்டி:
அண்ணே, பாட்டு வந்ததால கால் வந்துச்சுன்னு எப்படி? ரெண்டும் வேற ஸ்டூடியோ. பாட்டு எம்ஜிஎம், 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' வார்னர். 'ஆன் வித் தி ஷோ'வும் வார்னர்தான்.

டாப் ஷாட்:
கால்.

ரீல் பெட்டி:
என்ன கால்?

டாப் ஷாட்:
'ஆன் வித் தி ஷோ'ல காலைக் காட்டுங்கன்னு கேட்டேன், இன்னும் வரல. ஸ்டூடியோ பேரு கேட்கல.

மேட்னி ஷோ:
இவரு கூட பேசி ஜெயிக்க முடியாது, ஏன்னா கேள்வியை இவரே போட்டு மார்க்கும் இவரே போட்டுக்குவாரு. பெர்க்லி 1971ல உயிரோடதான இருந்தாரு, அதே வருஷம் பிராட்வேல 'நோ, நோ, நானெட்' மறுபடி வந்து ரூபி கீலரே ஆடி ஊரே கொண்டாடுச்சு. அந்த அலையில எம்ஜிஎம் காசு பார்க்க எடுத்த படம் இது. இதுக்குப் போய் கோயில் கட்டுறீங்க.

தூத்துக்குடி தென்றல்:
காசு பார்க்குறதுக்கா ரஸ்ஸல் போய் போர்ட்ஸ்மவுத்ல ஒரு பழைய தியேட்டரைப் புடிச்சு எடுத்தாரு? அந்த வருஷமே 'தி டெவில்ஸ்' எடுத்துட்டு ஊர் பூரா திட்டு வாங்குன மனுஷன். ஷெர்லி ரஸ்ஸல் வடிவமைச்ச உடையை மட்டும் தனியா உக்காந்து பாருங்க, அப்புறம் காசைப் பத்தி பேசுங்க.

மேட்னி ஷோ:
உடையும் பார்த்தாச்சு. ட்விக்கிக்கு ஆட வராது, அவ்ளோதான்.

டாப் ஷாட்:
முழு பிரிண்ட்டைத் தேடிப் புடிச்சு பாருங்க முதல்ல. வெட்டுன பிரிண்ட் பார்த்தவங்களுக்கு இனிமே நான் பதில் போடறதா இல்ல.

மேட்னி ஷோ:
போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.