முதல் டர்போ கார்: சில்வியா எஸ்14, 3-ஆம் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. வாங்கலாமா?

புதுப்பயணி
வணக்கம் நண்பர்களே. நான் வாங்கப்போகும் முதல் டர்போ வண்டி இது. 1996 நிசான் சில்வியா எஸ்14, எஸ்ஆர்20டிஇடி இன்ஜின், 5 கியர் மேனுவல், ஜப்பானில் ஓடி இறக்குமதியானது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கன்ட்ரோலர், காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வ், பெரிய எக்ஸாஸ்ட் போட்டிருக்கிறார்கள். இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) மாற்றியதாகத் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை:

– வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரை விட்டு க்ளட்ச் மிதித்தால் ஆர்பிஎம் சட்டென்று விழுகிறது, சில சமயம் இன்ஜினே நின்றுவிடுகிறது.
– ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் நின்றபடி) சில நிமிடம் விட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் நீலப் புகை.
– ஐடிலில் இன்ஜின் முன்பக்கம் டீசல் வண்டி மாதிரி கடகட சத்தம்.
– கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) 1 முதல் 4 வரை வரிசையாக 158, 155, 118, 157 பிஎஸ்ஐ.

"பழைய டர்போன்னா இப்படித்தான் இருக்கும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

நாலுசிலிண்டர்
நாலும் நாலு விதமான பிரச்சினை. ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்ஜின் நிற்பதற்குப் பெரும்பாலும் அந்த ப்ளோ-ஆஃப் வால்வ்தான் காரணம். இந்த இன்ஜினில் உள்ளே போகும் காற்றை ஏர் ஃப்ளோ மீட்டர் டர்போவுக்கு முன்னாலேயே அளந்துவிடுகிறது. அளந்த காற்றுக்குக் கணக்காக இசியூ பெட்ரோல் தெளிக்கும். த்ராட்டில் மூடியதும் வால்வ் அந்தக் காற்றை வெளியே விட்டுவிட்டால் கணக்கு தப்பிப் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் திணறும். வால்வின் வெளிவாயிலிலிருந்து ஒரு ஹோஸ் போட்டு, ஏர் ஃப்ளோ மீட்டருக்கும் டர்போ வாய்க்கும் நடுவே உள்ள குழாயில் சேர்த்துவிட்டால் போதும். அதற்குப் பிறகும் நின்றால் ஐடில் வால்வையும் பூஸ்ட் லீக்கையும் பாருங்கள்.

கடகட சத்தம் இன்டேக் கேம்ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் விடிசி புல்லியிலிருந்து வரலாம். எஸ்14-இல் அது தேய்ந்து சத்தம் போடுவது சகஜம். ஆர்பிஎம் ஏறியதும் மறைந்தால் அவசரமில்லை. ஆர்பிஎம்மோடு சேர்ந்து சத்தமும் கூடினால் டைமிங் செயினையும் டென்ஷனரையும் பார்த்தே ஆகவேண்டும்.

118 மட்டும் வேறு கதை. சிலிண்டர்களுக்குள் 10 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் பொறுக்கலாம். இங்கே 25 சதவீதம். ஆனால் சோதனை சரியாகச் செய்யப்பட்டதா என்று முதலில் தெரியவேண்டும். இன்ஜின் சூடாக இருக்கணும், நாலு பிளக்கும் கழற்றியிருக்கணும், ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸும் காயில் கனெக்டர்களும் எடுத்திருக்கணும், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கணும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கணும். கேஜ் முள் நிற்கும் வரை ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், 6 அல்லது 7 கம்ப்ரஷன் அடி வரும்படி ஸ்டார்ட்டரில் சுற்றணும்.

மறுபடியும் குறைவாகவே வந்தால், 3-ஆம் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது பிஸ்டன். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தது லீக்-டவுன் (காற்றுக் கசிவுச் சோதனை). பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்முனையில் நிறுத்தி 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் கேட்டால் ரிங் பக்கம். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கருநீலம்
நீலப் புகைக்கு உடனே டர்போவை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். இறக்கத்தில் கியரில் இறங்கி மீண்டும் மிதிக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வ் ஸ்டெம் சீல் (வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது). நீண்ட ஐடிலுக்குப் பின் என்றால் வால்வ் சீலாகவும் இருக்கலாம், டர்போ சீலாகவும் இருக்கலாம். பூஸ்டில் தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது டர்போ.

டர்போவின் இன்டேக் குழாயைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் பிடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் அசையவே கூடாது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறக்கை டர்போ கூட்டின் சுவரில் உரசக்கூடாது. இறக்கை நுனிகளை டார்ச் அடித்துப் பாருங்கள், வளைந்தோ உதிர்ந்தோ இருக்கக்கூடாது. இன்டர்கூலர் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. தேங்கி நின்றால் இயல்பல்ல. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) அழுத்தம் கூடினாலும் டர்போ ஆயில் கசியும். 3-ஆம் சிலிண்டரில் ரிங் போயிருந்தால் அந்தப் புகைக்கும் மூலம் அதுவாகவே இருக்கலாம்.

3-ஆம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் உற்றுப் பாருங்கள்.

புதுப்பயணி
எல்லாம் செய்துவிட்டோம். ஆயில் விட்டதும் 118 என்பது 147 ஆனது. லீக்-டவுனில் 3-ஆம் சிலிண்டர் 36 சதவீதம், மற்றவை 10-க்குள். ஆயில் மூடியைத் திறந்தால் தெளிவாகச் சீறுகிறது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. 3-ஆம் பிளக்கின் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரிப் பொடிப் புள்ளிகள், சிலது பளபளக்கின்றன. டர்போ ஷாஃப்டில் முன்பின் ஆட்டம் இல்லை.

நாலுசிலிண்டர்
அந்தப் பளபளப்பு பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம். நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) நடந்திருக்கிறது. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடைப்பட்ட விளிம்பு உடைந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். காரணம் உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது: பூஸ்டை ஏற்றியிருக்கிறார்கள், பெட்ரோலை ஏற்றவில்லை. பெட்ரோல் தெளிக்கும் கம்பெனி இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 370 சிசி. கம்பெனி பூஸ்ட் அரை பார் அளவு. கன்ட்ரோலரைத் திருகி ஒரு பாருக்குக் கொண்டுபோனால் இன்ஜெக்டரும் பழைய பம்பும் ஈடுகொடுக்காது, கலவை மெலிந்துவிடும். அதோடு, ஜப்பானில் விற்ற வண்டியின் இக்னிஷன் மேப் அங்கே கிடைக்கும் கிட்டத்தட்ட 100 ஆக்டேன் பெட்ரோலுக்காகப் போட்டது. 91 ஆக்டேனை ஊற்றிப் பூஸ்டும் ஏற்றினால் பிஸ்டன்தான் பலி.

இந்த இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும். பிஸ்டன், ரிங், மெயின் மற்றும் பிக்-எண்ட் பேரிங், ஹெட் கேஸ்கெட், வால்வ் சீல், செயின், டென்ஷனர், ஆயில் பம்ப் சோதனை, சிலிண்டர் உட்சுவர் (போர்) வேலை. பிஸ்டன் துணுக்கு எக்ஸாஸ்ட் வழியே போயிருந்தால் டர்பைன் இறக்கையில் வெட்டு விழுந்திருக்கும், அதையும் பாருங்கள். "ஒரு பிஸ்டனை மட்டும் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரிக்கும் வரை வண்டியை பூஸ்டில் ஓட்டாதீர்கள்.

துருவேட்டை
இன்ஜினை விடுங்கள், பாடி எப்படி? வாங்குவதா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்யும். இன்ஜினைக் காசு கொடுத்துக் கட்டிவிடலாம். வளைந்த சேஸிஸ் ரெயிலும் அரித்த சில்லும் (கதவுக்குக் கீழே ஓடும் பாடிப் பகுதி) அப்படியல்ல.

காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். பின்சக்கர வளைவிலும் சில்லிலும் ஒட்டாவிட்டால் உள்ளே ஃபில்லர் (பூசி நிரப்பும் பேஸ்ட்). டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்பேர் வீல் குழியைப் பாருங்கள். வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இல்லையென்றால் பின்னால் இடி வாங்கியது. முன்னே ஸ்ட்ரட் டவரும் ரேடியேட்டர் சப்போர்ட்டும். ஃபெண்டர் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியது. ஃபயர்வாலில் இருக்கும் நீலத் தகட்டின் சேஸிஸ் எண்ணும் கலர் கோடும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

ஏல ஷீட் (ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்த தாள்) கேளுங்கள். ஆர் என்ற கிரேடு விபத்துப் பழுது பார்த்தது. வரைபடத்தில் ஏ கீறல், யு நெளிவு, டபிள்யூ தட்டிப் பெயின்ட் அடித்தது, எஸ் துரு.

எஸ்14-இல் ட்ரிஃப்ட் (பின்சக்கரத்தை வழுக்கவிட்டு ஓட்டுவது) ஓட்டியவை அதிகம். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் ஒரே திசையில், கொஞ்சமும் தளர்வில்லாமல், சேர்ந்தே சுற்றினால் டிஃபரன்ஷியலை (திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவது) வெல்டு பண்ணியிருக்கலாம். மெதுவாக முழு ஸ்டியரிங்கில் திருப்பும்போது பின்சக்கரம் குதிப்பதும் அதே அடையாளம்.

புதுப்பயணி
சில்லில் ஒரு பக்கம் காந்தம் ஒட்டவில்லை. விட்டுவிட்டேன். அடுத்ததாக ஒரு லான்சர் எவோவும் ஒரு ஆர்எக்ஸ்-7-ம் விலைக்கு இருக்கின்றன. புதியவனுக்கு எது?

கருநீலம்
நல்ல முடிவு. ஆர்எக்ஸ்-7-ஐ முதல் வண்டியாக எடுக்காதீர்கள். அதில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜின்; அதற்குச் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் உதவாது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். அது இல்லாமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

எவோ 9 வரையிலான 4ஜி63 பலமான இன்ஜின், ஆனால் பெல்ட் விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வ் வளையும். பக்கத்தில் இருக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினாலும் அதே கதி. மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, இரண்டு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் விலையில் கழியுங்கள்.

எதுவானாலும் மாற்றம் குறைந்த வண்டியாக எடுங்கள். பார்க்கப் போகும் முன் "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய பிறகு வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும் உங்கள் கண்முன் வரவேண்டும்.