புதுப்பிப்பு: வேலூரில் ஒரு வாரம், ராத்திரிக்கு எங்கே போவது?

பெங்களூரிலிருந்து வந்த மச்சானை ஒரு வாரம் பொழுது சாய்ந்த பிறகு எங்கே கூட்டிப்போகலாம் என்று சித்திரையில் கேட்டிருந்தேன். வழி சொன்னவர்களுக்கு நன்றி.

கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில் இரண்டும் நீங்கள் சொன்னபடியே. ஸ்ரீபுரத்தில் அரைக்கால்சட்டைக்கு அனுமதி இல்லை, போனையும் வெளியே வைக்க வேண்டும். சனிக்கிழமை காவலூர் வானாய்வகம் போனோம். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜெயித்தது, "அக்னி வசந்தம் நடக்கிற ஊரைத் தேடிப் போங்கள்" என்ற யோசனைதான். அது திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதையோடு நடக்கும் திருவிழா. விடிய விடியத் தெருக்கூத்து, டிக்கெட் கிடையாது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கிண்டல் முடிந்ததும் முகவீணை என்ற சின்னக் குழலின் சத்தம் ஏற, இருவர் பிடித்த திரைக்கு மேலே துரியோதனன் கிரீடம் மட்டும் ஆடியது. பப் கேட்டு நச்சரித்த மச்சான் அப்புறம் வாயே திறக்கவில்லை.

எதிர்பாராதது படுகளம், அதாவது துரியோதனன் வீழும் காட்சி. கடைசி நாள் பகலில், மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் மேலேயே சண்டை. பாஞ்சாலி கூந்தல் முடிவதும் அங்கேதான். ராத்திரி பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

தேடி வருபவர்களுக்கு: பங்குனி முதல் வைகாசி வரை திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் விசாரியுங்கள். உட்கார ஒரு பாய் எடுத்துப்போங்கள்.