அவிஞ்ஞோனில் தங்கி ரோமானியச் சின்னங்கள்: இரண்டு நாளில் எதைப் பார்ப்பது?

மதுரைக்காரி:
செப்டம்பரில் அம்மாவுடன் தென் பிரான்ஸ் போகிறேன். கார் இல்லை, ரயிலும் பஸ்ஸும்தான். ஆர்ல், நீம், ஒராஞ்ச், பொன் து கார் என்று பட்டியல் நீள்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி. எதை விடலாம்?

பயணி_72:
ஒராஞ்சை விடாதீர்கள். ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். அங்குள்ள நாடக அரங்கின் மேடைச்சுவர் 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். அம்மா கீழ்வரிசையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

வாய்க்கால்:
பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் வாய்க்கால் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு முழு நாளைப் பொன் து காருக்கும் நீமுக்கும் கொடுங்கள். உசெஸ் ஊற்றிலிருந்து நீமுக்குத் தண்ணீர் கொண்டுபோன ரோமானிய வாய்க்காலின் பாலம்தான் பொன் து கார். குறுக்கே மலை நிற்பதால் வாய்க்கால் சுற்றிச் சுற்றி 50 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் மொத்த இறக்கம் 12 மீட்டரும் சொச்சமும்தான். கிலோமீட்டருக்குச் சராசரி 25 சென்டிமீட்டர்! மூன்று கிலோமீட்டர் கிளை வாய்க்காலுக்கு நீர்வாட்டம் பிடிக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கார்தோன் ஆற்றைத் தாண்டத்தான் இந்த மூன்றடுக்குப் பாலம், உயரம் 49 மீட்டர். சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும் கற்களைக் கவனியுங்கள். சாரம் கட்ட விட்டவை. பிற்காலத்தில் வந்த கொத்தர்கள் தங்கள் பெயரையும் உளியையும் சுத்தியலையும் அந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

மதுரைக்காரி:
ஐயா, அம்மாவால் அங்கே நடக்க முடியுமா? நீமில் என்ன பார்ப்பது?

வாய்க்கால்:
பாலம் வரை பாதை சமதளம், அம்மா. மேலடுக்குக்கு ஏற வேண்டாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலே போதும். நீமில் எல்லாரும் வட்ட அரங்குக்கும் மேசோன் கரே கோயிலுக்கும் போவார்கள். நீங்கள் அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்த தொட்டியையும் பாருங்கள். ஏறக்குறைய 6 மீட்டர் அகல வட்டத்தொட்டி. சுவரில் பத்து ஓட்டைகள், ஊருக்குள் ஓடிய ஈயக் குழாய்களுக்கு. தெருவோரத்தில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் இல்லை. போகும் வழி ஏற்றம். அதற்கு மட்டும் டாக்ஸி பிடியுங்கள். பொன் து காருக்குப் பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.