காஞ்ச புல்லு, மேக்காத்து: எந்த நாள்ல ரொம்ப உஷாரா இருக்கணும்?

ராதாபுரத்தான்:
வணக்கம் அண்ணாச்சிமாரே. ராதாபுரம் பக்கம் எங்க அப்பாவுக்கு வானம் பாத்த நெலம் இருக்கு, ஐப்பசி கார்த்திகைல நல்ல மழ பேஞ்சதுனால கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் இடுப்பளவு வளந்துட்டு, இப்ப மாசி பொறந்ததும் அம்புட்டும் காஞ்சு நிக்கி. நடுவுல மாட்டுத் தொழு, வைக்கப்படப்பு, ஓரத்துல வரிசையா பனை. மேக்க உள்ள தோட்டத்துக்காரங்க பங்குனி வந்தா வரப்புல தீ வச்சுதான் சுத்தம் பண்ணுவாங்க, சொன்னாலும் கேக்க மாட்டுக்காங்க. நான் இருக்கது சென்னைல, அப்பாவுக்கு வயசாயிட்டு. எந்த மாதிரி நாள்ல பயப்படணும், போன்ல எத பாக்கணும்? முந்தியே நாமளே கொஞ்சம் கொளுத்தி விட்டா நல்லதுன்னு ஒருத்தர் சொல்லுதாரு, செய்யலாமா?

களக்காட்டு விவசாயி:
தம்பி, கொளுத்த மட்டும் செய்யாதீங்க. ஆள் இல்லாம, தண்ணி டேங்க் இல்லாம வயசானவர வச்சிக்கிட்டு செய்யுத வேலை இல்ல அது. டிராக்டர விட்டு தொழுவயும் படப்பயும் சுத்தி அகலமா உழுது வெறும் மண்ணாக்கிருங்க, மேக்கு வேலி ஓரமும் அதே மாதிரி. மிச்ச புல்லுக்கு கிடை ஆட்டுக்காரங்கள கூப்புடுங்க, ஆடு மேஞ்சு தரையோட தரையா ஆக்கிட்டா தீ வந்தாலும் உசரமா எந்திரிக்காது, நெலத்துக்கு எருவும் ஆச்சு. பனைல தொங்குத காவோலைய ஆள விட்டு இப்பவே கழிச்சிருங்க. அதுல தீ ஏறுச்சுன்னா காத்துல பொறி பறந்து நீங்க உழுத எடத்தயும் தாண்டி படப்புல விழும், அதான் எனக்கு பெரிய பயம்.

அமரில்லோ நெல்லைக்காரன்:
நான் டெக்சாஸ்ல புல்வெளி ஏரியால இருக்கேன். 2024 பிப்ரவரில இங்க ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல எரிச்சது. பிப்ரவரிங்கிறது இங்க குளிர்காலம், அத கவனிங்க, வெயில் மட்டும் காரணமில்ல. மொதல்ல மேக்காத்துல கெழக்க நீளமா ஓடுச்சு, அப்புறம் காத்து வடக்க இருந்து திரும்புனதும் அந்த நீள பக்கவாட்டு பூராவும் தெக்க பாத்து முன்னேற ஆரம்பிச்சிட்டு. அதனால தீய பாத்தா அதுக்கு பக்கவாட்டுல நிக்கிறது பத்திரம்னு நெனைக்காதீங்க. கனடால ஒரு கணக்கு சொல்லுவாங்க, வெப்பம் 30 டிகிரிக்கு மேல, ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு கீழ, காத்து மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல இருந்தா ஆபத்துன்னு. நம்மூர்ல பங்குனில 30 டிகிரி தெனமும் தாண்டிரும், அதனால மத்த ரெண்டயும் போன்ல பாருங்க. காஞ்ச புல்லு ஒரு மணி நேரத்துலயே காத்தோட வறட்சிக்கு மாறிரும், காலைல பனில நனஞ்சு கெடந்தது மத்தியானம் பத்திக்கும்.

வள்ளியூர் காத்தாடி:
பங்குனி சித்திரையோட முடிஞ்சிரும்னு இருந்துராதீங்க. கோடை மழ ஏமாத்திட்டா ஆனி ஆடிதான் நம்ம பக்கம் மோசம். குத்தாலத்துல சாரல் அடிக்கும், ஆரல்வாய்மொழி மலைக் கணவாய் வழியா நமக்கு வாறது வெறும் காத்துதான், மழ கெடையாது. கரண்டு எடுக்குத காத்தாடி எல்லாம் முழு வேகத்துல சுத்துத அந்த மாசத்துல எவனாவது பீடித்துண்ட போட்டா போதும். சாட்டிலைட் மேப்ல தீ தெரியும்பாங்க, ஆனா அது ஒரு நாளைக்கு சில தடவதான் மேல கடக்கும், அதுக்குள்ள புல்லு எரிஞ்சு முடிஞ்சிரும். அத நம்பாதீங்க.

ராதாபுரத்தான்:
ரொம்ப நன்றி. டிராக்டருக்கு இன்னைக்கே சொல்லிட்டேன். தீ நெருங்கிட்டா அப்பா தனியா மாட்ட எப்படி காப்பாத்துவாங்க?

களக்காட்டு விவசாயி:
மாட்ட அவுத்து விட்டுரணும், பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடக்கூடாது. பங்குனி ஆடி ரெண்டுலயும் பகல்ல கயிற உருவுசுருக்கா போடச் சொல்லுங்க, ஒரே இழுப்புல அவுந்துரும். அவுத்ததும் அவர் உழுத மண்ணுக்கு வந்துரட்டும், படப்ப அணைக்க போக வேண்டாம். 101க்கு போன் போடுதது மொத வேலை. வண்டி உள்ள வர்றதுக்கு பாதைல கெடக்க உடைமுள்ள இப்பவே வெட்டி ஒதுக்குங்க. மேக்குத் தோட்டத்துக்காரங்க கிட்ட நீங்க போன்ல பேசாம ஊர்ல ஒரு பெரியவர கூட்டிட்டு நேர்ல போங்க, விடியக்கருக்கல்ல பனி ஈரத்தோட, காத்து இல்லாத நாளா பாத்து, உங்களுக்கும் சொல்லிட்டு வைக்கச் சொல்லுங்க. அதுக்கு ஒத்துக்கிடுவாங்க.