அம்மோனியா கசிவுப் பயிற்சி: கிடைப்பது ஒரே நாள், எதைச் சொல்லிக் கொடுப்பது?

உப்பளத்தான்:
தூத்துக்குடி பக்கம் மீன், இறால் உறைய வைக்கும் கம்பெனி ஒன்றில் சேப்டி ஆபீசராக இருக்கிறேன். 2024 ஜூலையில் இந்தப் பக்கம் ஓர் ஆலையில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அதிலிருந்து எங்கள் மேனேஜருக்கும் கொஞ்சம் பயம். தீயணைப்பு நிலையம், 108, போலீஸ் என்று எல்லாரையும் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி வைக்கப் போகிறோம். உடம்பு முழுக்க மூடும் அந்தப் பெரிய சூட்டை வாடகைக்கு எடுத்துப் போட்டுக் காட்டி, நாலு போட்டோ எடுத்தால் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு என்ன செய்யலாம்?

பழைய ஸ்டேஷன் ஆபீசர்:
தம்பி, முதலில் அந்த சூட்டை விடுங்கள். கசிவை அடைக்க உள்ளே போகிறவருக்குக் குறைந்தது 24 மணி நேரப் பயிற்சி, தள்ளி நின்று பரவாமல் தடுக்கிறவருக்கு 8 மணி நேரம் என்று அமெரிக்காவில் விதியே உண்டு. உங்களிடம் இருப்பது அந்த எட்டுதான், அதைத் தள்ளி நிற்கப் பழக்குவதற்கே செலவு செய்யுங்கள். 1984இல் அங்கே ஷ்ரீவ்போர்ட் என்ற ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா கசிந்தபோது முழு சூட் போட்டு இரண்டு தீயணைப்பு வீரர்கள் உள்ளே போனார்கள். போர்க்லிப்டிலிருந்து (சுமை தூக்கும் வண்டி) வந்த பொறியில் வாயு பற்றிக்கொண்டது. ஒருவர் இறந்தார், இன்னொருவருக்குப் படுகாயம். அம்மோனியா எரியாது என்று நம் ஆட்களில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூடிய அறையில் காற்றோடு 15இலிருந்து 28 சதவீதம் வரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

அப்புறம், போன் வந்ததும் வண்டியை நேராக மெயின் கேட்டுக்குள் விடுகிற பழக்கத்தை உடைக்க வேண்டும். உங்கள் ஊரில் காலையில் ஒரு பக்கம் அடிக்கிற காற்று மதியம் கடலிலிருந்து திரும்பி அடிக்கும். அதனால் காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை ஒத்திகை வையுங்கள். எந்த கேட் வழியாக வருவது என்று வருகிறவர்களே காற்றைப் பார்த்து முடிவு செய்யட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

கம்ப்ரசர் ரூம்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் வால்வை விட்டுவிட்டார். திரவ அம்மோனியா சேர்ந்திருக்கும் ரிசீவர் தொட்டியிலிருந்து அது வெளியே போவதை அடைக்கிற கிங் வால்வு எங்கே என்று அந்த ஷிப்ட் ஆபரேட்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. பல இடத்தில் பைப்புக்குப் பின்னால் பனி மூடிக் கிடக்கும், டேக் கூட இருக்காது. பெரிய டேக் கட்டி, வரைபடத்தை கேட் செக்யூரிட்டியிடம் கொடுத்து வையுங்கள். எக்ஸாஸ்ட் பேன் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தீயணைப்புக்காரர்களிடம் முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும்: தண்ணீரைப் புகை மேல் பூத்தூறலாக அடிக்கலாம், தரையில் தேங்கிய திரவத்தின் மேல் அடிக்கக் கூடாது. பட்டதும் கொதித்து இன்னும் புகைதான் கிளம்பும். அம்மோனியா காற்றை விட லேசு, மேலே போய்விடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம், குளிர்ந்து கசியும்போது வெள்ளையாகத் தரையோடுதான் ஊர்ந்து வரும்.

ஆம்புலன்ஸ்காரன்:
எங்களை யாருமே கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். நனைந்த துணியோடு ஆளை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினால் அடுத்து மயங்குவது நாங்கள்தான். ஏற்றுவதற்கு முன் துணி மாற்ற வேண்டும், கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். திரவம் பட்டு உறைந்த துணியைப் பிடித்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும், தண்ணீர் விட்டு இளக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். உங்கள் இடத்தில் பெண்கள் அதிகம். எல்லார் முன்னாலும் துணியைக் கழற்றச் சொன்னால் எவ்வளவு எரிந்தாலும் கழற்ற மாட்டார்கள். நாலு தார்ப்பாய், ஒரு கட்டு நைட்டி வாங்கி வையுங்கள். சூட் வாடகையில் பாதி கூட ஆகாது.

உப்பளத்தான்:
நைட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே வாங்கச் சொல்கிறேன். போலீஸுக்கு என்ன சொல்வது?

பழைய ஸ்டேஷன் ஆபீசர்:
கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது, அப்புறம் டேங்கர் பலகையில் என்ன சரக்கு என்று காட்டும் நாலு இலக்க நம்பரைப் படிப்பது. 2025 ஜனவரியில் கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் எல்பிஜி டேங்கர் கவிழ்ந்ததே, அந்த மாதிரி ரோட்டில் நடந்தால் முதலில் போய் நிற்பது போலீஸ்தான். 1005 என்றால் அம்மோனியா, 1017 குளோரின், 1075 எல்பிஜி. பைனாகுலரில் தூரத்திலிருந்தே நம்பரைப் படித்து கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லப் பழக்குங்கள். மேனேஜர் போட்டோ கேட்டால் அதை எடுத்துக் கொடுங்கள்.