பால்கனித் தொட்டியில் செங்காந்தள்: மழை முடிந்ததும் மஞ்சளாகிறதே?

கேள்வி:
பால்கனியில் அரை நாள் வெயில்தான். நாட்டுச் செடிகள் மட்டும் போதுமென்று செங்காந்தள், தும்பை, ஆவாரை வைத்திருக்கிறேன். மழைக்காலம் முழுக்கச் செங்காந்தள் இலை நுனியைச் சுருட்டிக் கம்பியைப் பிடித்தே ஏறிப் பூத்தது. இப்போது அடியிலிருந்து மஞ்சளாகிறது. தண்ணீரைக் கூட்டலாமா?

பதில் 1:
கூட்டவே கூடாது. அது சாகவில்லை, தூங்கப் போகிறது. இலையிலிருக்கும் சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்கும் நேரம் இது. பச்சையாக இருக்கும்போதே தண்டை வெட்டிவிடாதீர்கள். முழுக்கக் காய்ந்ததும் தொட்டியைச் சுவரோரம் நிழலில் ஒதுக்கி, தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஈரம் தங்கினால் கிழங்கு அழுகும். அடுத்த மழைக்கு முன் மண்ணை மாற்றும்போது கிழங்கின் முளை நுனியில் கை படாமல் எடுங்கள். அந்த நுனி ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. இன்னொன்று, செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு மிக மோசம். குழந்தைகளோ பூனையோ இருந்தால் இந்தச் செடியே வேண்டாம் என்பேன்.

பதில் 2:
தும்பையைப் பற்றிக் கவலை வேண்டாம், விதை கொட்டிவிட்டுக் காயும், மழையில் தானே முளைக்கும். ஆவாரைக்கு ஆணிவேர், ஆழமான தொட்டி கொடுங்கள். முடிந்தவரை இடம் மாற்றாதீர்கள்.

கேட்டவர்:
சரி, தண்ணீரை நிறுத்திவிட்டேன். ஆவாரையில் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்கின்றன. மருந்து அடிக்கலாமா?

பதில் 1:
ஐயோ, அடிக்காதீர்கள்! பெரும்பாலும் அவை வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள்தான். செடி கொஞ்சம் மொட்டையானாலும் மறுபடி துளிர்த்துவிடும்.