முதன்முதலாகக் கட்டும் ரேடியோ விமானம்: அடிபட்டாலும் தாங்குவது எது?

வடலி எழுதியது:

வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுகளுக்காக யாழ்ப்பாணத்தில் காத்திருக்கிறேன். இந்த இடைவெளியில், ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானமொன்றை என் கையாலேயே கட்டிப் பறக்கவிட விரும்புகிறேன். பட்டம் கட்டிய பழக்கம் உண்டு, வயர்களுக்கு ஈயம் பற்றவைக்கவும் தெரியும். ஆனால் ஓட்டிய அனுபவம் துளியும் இல்லை, அருகில் நின்று கற்றுத்தரவும் ஆளில்லை. ஆகவே முதல் நாட்களில் அது பல தடவை நிலத்தில் குத்தும் என்பதை ஏற்றுக்கொண்டே கேட்கிறேன். 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் கட்டினால் உடையாது என்று மச்சான் சொல்கிறார். என் ஆசையோ இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிற்பயர் வடிவத்தின் மேல்தான். எதைத் தெரிவுசெய்யலாம்?

பழைய பட்டக்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் மச்சான் சொல்வது மேசைக்குப் பொருந்தும், விமானத்துக்குப் பொருந்தாது. இறக்கையை மாற்றாமல் எடையை மட்டும் இரட்டிப்பாக்கினால், விழாமல் பறப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகிவிடும். மோதலின் ஆற்றல் எடைக்கு ஏற்பவும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுவதால், நிலத்தில் குத்தும்போது அது 4 மடங்காக இருக்கும். பலமாகக் கட்டியதே உடைவதற்குக் காரணமாகிவிடுகிறது. நானும் முதலில் ஒட்டுப்பலகையில்தான் கட்டினேன். நான்காவது நாளில் அது அடுப்புக்குப் போனது.

ஸ்பிற்பயரை மூன்றாவது விமானமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் இறக்கை உடலின் கீழே இருப்பதால் தானாக நிமிர்ந்துகொள்ளும் தன்மை குறைவு. நுனி ஒடுங்கிய இறக்கைகளில், வேகம் குறையும்போது நுனிப்பகுதி முதலில் தூக்குவிசையை இழந்து விமானம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடக்கூடும்.

உங்களுக்கு ஏற்றது, இறக்கை உடலின் மேலே அமர்ந்த, 5 மில்லிமீற்றர் போம் போர்டில் (இரு பக்கமும் காகிதம் ஒட்டிய நுரைப் பலகை) வெட்டி மடித்துக் கட்டும் பயிற்சி விமானம். இறக்கை நீளம் நுனிக்கு நுனி 1.2 மீற்றரும் அகலம் 20 சென்ரிமீற்றரும் இருக்கட்டும். மொத்த எடை 700 கிராமைத் தாண்ட வேண்டாம். இறக்கையின் இரு நுனிகளும் நடுவைவிட 5 சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்ந்திருந்தால், சரிந்த விமானம் கையை எடுத்தவுடன் தானே நிமிரப் பார்க்கும். எயிலரோன், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுகள், இப்போது தேவையில்லை. மோட்டார், றடர் (வாலில் இடவலமாகத் திருப்பும் தகடு), எலிவேற்றர் (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) ஆகிய மூன்று கட்டுப்பாடுகளே போதும். 2212 அளவுடைய 1000 கேவி (வோல்ற் ஒன்றுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 10 அங்குலக் காற்றாடி, 30 அம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, 11.1 வோல்ற் லிப்போ பற்றரி, தகடுகளை அசைக்கும் 9 கிராம் சேர்வோ இரண்டு ஆகியவற்றை வாங்கினால், உடல் நொறுங்கும் ஒவ்வொரு தடவையும் இதே பொருட்களைக் கழற்றி அடுத்த உடலில் பூட்டலாம்.

இறக்கையை ஒட்டிவிடாதீர்கள். உடலுக்குக் குறுக்கே இரண்டு மூங்கில் குச்சிகளைச் செருகி, றப்பர் வளையங்களால் இறக்கையை அவற்றோடு இழுத்துக் கட்டுங்கள். நுனி வேலியில் பட்டால் வளையம் இழுபடும் அல்லது அறுந்து பறக்கும். இறக்கை சற்றுத் திரும்பி நிற்கும், முறியாது. அறுந்த வளையத்தின் விலை உங்களுக்கே தெரியும்.

எடையின் மையம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பட்டம் கட்டியவருக்கு விளக்குவது எளிது. முச்சையை (பட்டத்தில் நூலைப் பிணைக்கும் கட்டு) ஒரு விரல் அகலம் மாற்றிக் கட்டினால் பட்டம் எப்படிக் குத்துகிறது என்று பார்த்திருப்பீர்கள். இங்கே முச்சைக்குப் பதிலாகப் பற்றரியை முன்னும் பின்னும் நகர்த்தி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றர் பின்னால் விரல்களால் தாங்கும்போது விமானம் மட்டமாக நிற்கும்படி செய்ய வேண்டும். மூக்கு சற்றுக் கனத்தால் பறப்பு மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் அடக்கவே முடியாது.

உப்புக்காற்று எழுதியது:

பட்டக்காரன் அண்ணன் சொன்ன வடிவத்தை ஏற்கிறேன். பொருளைப் பற்றி மட்டும் எனக்கு வேறு எண்ணம் உண்டு. போம் போர்ட் ஒருமுறை மடிந்தால் அந்த இடத்தில் காகிதம் சுருங்கிப் பலமிழந்துவிடும், பனியிலும் ஈரப் புல்லிலும் ஊறும். ஈ.பி.பி. எனப்படும் நுரைப் பொருளோ நசுங்கினாலும் பழைய வடிவத்துக்கு மீளும். பொதிகளில் வரும் வெள்ளை ரெஜிபோமை அதுவென்று நினைத்துவிடாதீர்கள். ரெஜிபோம் பிஸ்கற்போல வெடித்து உடையும். ஈ.பி.பி. வளைந்துகொடுப்பதால் இறக்கைக்குள் கார்பன் குழாயொன்று வைத்தே ஆகவேண்டும். ஈ.பி.பி. கையில் கிடைக்காவிட்டால் உடலைப் போம் போர்டில் கட்டி, மூக்கை மட்டுமாவது மென்நுரையில் செய்யுங்கள்.

எதைத் தெரிவுசெய்தாலும், சாதாரண சுப்பர் குளூ ரெஜிபோமையும் போம் போர்டின் உள்நுரையையும் கரைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். குளூ கன் பசை வேகமாகப் பிடிக்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் இளகும். மோட்டார் பூட்டிய பலகையை அதனால் ஒட்டி, நண்பகலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். இறக்கிப் பார்த்தபோது மோட்டார் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அந்த மூட்டுக்குத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையைப் பூசி ஓரிரவு காயவிடுங்கள்.

வடலி எழுதியது:

மிக்க நன்றி. போம் போர்டில் தொடங்குகிறேன், மூக்கை மென்நுரையில் செய்துகொள்கிறேன். கல்லுண்டாய் வெளியில் பறக்கவிடலாமா?

அறுவடைவயல் எழுதியது:

இடத்துக்கு முன் அனுமதியைப் பாருங்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் நாடு முழுவதும் ட்ரோன்கள் தடுத்து நிறுத்தப்பட்டன. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இப்போதும் உண்டு. பலாலியில் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட சர்வதேச விமான நிலையம் இருப்பதால், வலிகாமம் வடக்குப் பக்கத்தை நினைக்கவே வேண்டாம். அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் தெரியப்படுத்துங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் பயிற்சி விமானமும் ட்ரோனும் ஒன்றுதான்.

அனுமதி கிடைத்தால், காலபோக அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலே நல்லது. அறுத்தபின் நிற்கும் நெல் அடித்தாள் மெத்தைபோலத் தாங்கும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று எழுந்த பிறகு தொடங்காதீர்கள். எழுமுன், காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலைகளில் பழகுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கத்துக்கே ரிமோட்டின் குச்சியைத் தள்ளுங்கள்.

பனையில் சிக்கினால் கல்லெறிய வேண்டாம், ஏறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் பற்றரியைக் கழற்றும் வரை ரிமோட்டை அணைத்துவிடாதீர்கள். சிக்னல் இல்லாத வேளையில் மோட்டார் தானாகச் சுழன்றால், காற்றாடிக்குப் பக்கத்தில் இருப்பது அவருடைய கை.